பிரேசில் மக்களின் உணவும் உபசாரமும்



நம் பாட்டனார் காலம் முதல் நாம் பால் வெட்டிய ரப்பர் மரம் இந்த மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் அமேசான் காடுதான் அதற்குப் பிறந்த வீடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அந்தக் காட்டிலிருந்து விதைகளை இலண்டனுக்குக் கொண்டு போனார். மறு ஆண்டே, அதாவது 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் வந்த இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால், அந்த மரத்தின் தாய்நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வந்தவரை எப்படி உபசரிக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பிரேசில் மிகப் பெரிய நாடு. பரப்பளவில் மலேசியாவைப் போல் 25 மடங்குக்கும் மேல். மக்கள் தொகை 20 கோடியைத் தாண்டும். பேசும் மொழி போர்த்துக்கீசியம். 1500ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அங்கே கரையேறுவதற்கு முன்பே பல பழங்குடி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தார்கள். பிறகு, ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். கரும்புத் தோட்டம், தங்கச் சுரங்கம், காப்பித் தோட்டம் எல்லாம் அவர்களுடைய உழைப்பில் நடந்தன. 1888 மே 13இல்தான் அங்கு அடிமை முறை ஒழிந்தது. அதன் பின் இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் கூலிக்கு வந்தன. இன்று பிரேசிலின் சாப்பாட்டு மேசையில் இருப்பவற்றில் பெரும்பகுதி இந்த உழைப்பாளிகளின் அடுப்பிலிருந்து வந்தவையே. இந்தப் பேச்சின் கருத்தும் அதுதான்.

முதலில் மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காத நம் மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். இதுவும் தென் அமெரிக்காவில் தோன்றியதே. பிரேசிலின் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதைப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள்.

மரவள்ளியில் கசப்பு வகை ஒன்று உண்டு. அதில் நஞ்சு அதிகம். பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. பழங்குடிப் பெண்கள் அந்த நஞ்சை நீக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். கிழங்கைத் தோலுரித்துத் துருவுகிறார்கள். துருவலை, ஓலையால் பின்னிய நீண்ட குழாய் போன்ற ஒரு பையில் அடைக்கிறார்கள். அந்தப் பைக்குத் திப்பித்தி என்று பெயர். அதை மரக்கிளையில் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தைக் கீழே இழுத்தால், பை நீண்டு ஒடுங்கிச் சாறு முழுவதும் வடிந்துவிடும். சக்கையைப் பெரிய தட்டையான சட்டியில் போட்டுக் கிளறி வறுத்தால் மொறுமொறுப்பான மாவு கிடைக்கிறது. அதன் பெயர் ஃபரீன்யா. வடிந்த சாற்றின் அடியில் வெண்மையான மாவுப்பால் தங்கும். அதுதான் தப்பியோக்கா. அந்தச் சொல்லே பிரேசிலின் தூப்பி மொழிச் சொல்தான். மேலே தெளிந்த மஞ்சள் சாற்றை நெடுநேரம் கொதிக்க வைத்து நஞ்சைப் போக்கி, துக்குப்பி என்ற குழம்புச் சாறாக்குகிறார்கள். ஒரு கிழங்கில் எதுவும் வீணாவதில்லை பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண்கள் ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலே செய்த கண்டுபிடிப்பு இது. தாய்மார்களே, நாம் வாங்கும் மரவள்ளியையும் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை நன்றாக நீக்கி, வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

அமேசான் ஆற்றின் முகப்பில் பெலெம் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பொழுது சாயும் வேளையில் தெருவோரப் பெண்கள் தக்கக்கா என்ற சூடான கஞ்சியை விற்பார்கள். துக்குப்பிச் சாறு, மரவள்ளிப் பசை, உலர்ந்த இறால், நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஜம்பு என்ற கீரை, இவ்வளவும் சேர்ந்தது அது. அதைப் பீங்கானில் ஊற்றித் தருவதில்லை. காய்ந்த காய் ஓட்டைக் குடைந்து செய்த குடுவையில்தான் தருவார்கள். வெயில் கொளுத்தும் ஊரில், வியர்க்க வியர்க்கச் சூடாகக் குடிப்பதே வழக்கம்.

அதே அமேசான் காட்டில்தான் பிரேசிலின் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். அவர்களைச் செரிங்கெய்ரோ என்பார்கள். 1877இல் தொடங்கிய கொடிய வறட்சியால் பல்லாயிரம் பேர் வடகிழக்குப் பகுதியை விட்டு ரப்பர் காட்டுக்குப் பிழைக்கப் போனார்கள். பயணச் செலவு, கத்தி, வாளி எல்லாம் கடனாகவே கொடுக்கப்பட்டன. சாப்பாட்டுச் சாமானும் முதலாளியின் கடையில்தான் வாங்க வேண்டும். மரவள்ளி மாவு, உப்புக்கண்டம், அவரைப் பயறு, சர்க்கரை, காப்பி, இவற்றை அதிக விலைக்குப் பற்றெழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் சொந்தமாகப் பயிர் செய்யவும் விடவில்லை. பாலைக் கொடுத்தும் கடன் தீராது. பெரட்டும் பற்றுச் சீட்டும் கண்ட நம் குடும்பங்களுக்கு இந்தக் கதை விளங்காமல் போகுமா? ஒருவன் சாப்பாட்டைப் பிடித்து வைத்திருப்பவன் அவனையே பிடித்து வைத்திருக்கிறான் என்பதற்கு இது சான்று.

அடுத்துக் கடலோரத்திலுள்ள பஹியா மாநிலத்துக்குப் போவோம். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்க மக்கள் மிகுதியாகக் குடியேற்றப்பட்ட இடம் இது. இங்கே சல்வடோர் நகரத் தெருக்களில் வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்த பெண்கள் அடுப்பு வைத்து அக்கராஜே என்ற பலகாரம் சுடுகிறார்கள். செய்முறையைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். வெள்ளைத் தட்டைப்பயறை ஊறவைத்து, தோலைக் கழித்து, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மரக்கரண்டியால் நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டெடுக்கிறார்கள். நம் வடைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம்! பிறகு அதை இரண்டாகப் பிளந்து, இறாலும் தேங்காய்ப்பாலும் நிலக்கடலையும் சேர்ந்த கூழையும், வெண்டைக்காய்ப் பிரட்டலையும் உள்ளே வைக்கிறார்கள். கொடுக்கும் முன், "சூடாக வேண்டுமா?" என்று கேட்பார்கள். ஆமென்று தலையாட்டிவிட்டால் மிளகாய்ச் சாந்தை அள்ளி வைத்துவிடுவார்கள். அங்கே சூடு என்றால் காரம்!

அந்தப் பலகாரம் வேகும் எண்ணெய் எது தெரியுமா? செம்பனை எண்ணெய்தான். அங்கே அதைத் தெந்தே என்கிறார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். அடிமைக் கப்பல்களின் காலத்திலேயே அது பஹியாவுக்குப் போய்விட்டது. நம் நாட்டிலோ 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது. நாம் இங்கே ஆலைக்கு அனுப்பும் பழத்தின் எண்ணெய் சுத்திகரித்த பின் வெளிறிப்போகிறது. பஹியா மக்கள் அதைச் சிவப்பு நிறம் மாறாமலே பயன்படுத்துகிறார்கள். அந்தச் சிவப்பிலே கண்ணுக்கு நன்மை செய்யும் உயிர்ச்சத்து ஏ-க்கு மூலமான பொருள் இருக்கிறது.

இந்தப் பலகாரத்துக்குப் பின்னால் ஒரு விடுதலைக் கதையும் உண்டு. அடிமைக் காலத்தில் சில பெண்களைத் தெருவில் வியாபாரம் செய்ய எசமானர்கள் அனுப்பினார்கள். விற்ற காசில் பெரும்பங்கு எசமானுக்கு. மிச்சத்தை அந்தப் பெண்கள் காசு காசாகச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த பணத்தால் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆப்பிரிக்கத் தெய்வ வழிபாட்டில் காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வமான இயன்சாவுக்கு இது படையலும் ஆகும். 2005ஆம் ஆண்டில் பிரேசில் அரசு அக்கராஜே சுடும் பெண்களின் கைத்தொழிலை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. ஒரு காலத்தில் தெரு வியாபாரம் என்று தாழ்த்தப்பட்ட தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

பிரேசிலின் தேசிய உணவென்று எல்லாரும் சொல்வது ஃபெய்ஜுவாடா. கறுப்பு அவரைப் பயறோடு பன்றி இறைச்சியையும் உப்புக்கண்டத்தையும் சேர்த்து, மெல்லிய தீயில் பல மணி நேரம் வேகவைத்த கெட்டிக் குழம்பு அது. சோறு, பொடியாக நறுக்கி வதக்கிய கீரை, வறுத்த மரவள்ளி மாவு, ஆரஞ்சுச் சுளைகள் ஆகியவற்றோடு பரிமாறுவார்கள். சாவோ பாவ்லோ நகரத்து உணவுக் கடைகளில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் இதற்குரிய நாட்கள். எசமானர்கள் வீசியெறிந்த காதையும் வாலையும் கொண்டு அடிமைகள் உண்டாக்கிய உணவு இது என்று ஒரு கதை வழங்குகிறது. வரலாற்று ஆசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பயறும் இறைச்சியும் சேர்த்து வேகவைப்பது போர்த்துக்கல் நாட்டு வழக்கம். கறுப்பு அவரை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அடுப்படியில் நின்று சமைத்த கை பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கை. மூன்றும் கூடியதே அந்தக் குழம்பு. இறைச்சி நம்மில் பலருக்கு ஏற்காததாக இருக்கலாம். ஆனால் ஆரஞ்சுச் சுளையைப் பக்கத்தில் வைக்கும் அறிவை நாம் பாராட்டலாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள ஆரஞ்சிலுள்ள உயிர்ச்சத்து சி துணை செய்கிறது. நம் வீட்டுப் பருப்புக்கும் கீரைக்கும் பக்கத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டோ கொய்யாவோ இருந்தால் அதே பலன்தான்.

ஃபெய்ஜுவாடா வாரத்துக்கு ஒருநாள் விருந்து. அன்றாடச் சாப்பாடு எது? சோறும் பயறும்தான்! ஏழையும் பணக்காரரும் நண்பகலில் உண்பது அதுவே. பயறை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் பூண்டு தாளித்து, பிரிஞ்சி இலை போட்டுக் குழைய வேகவைக்கிறார்கள். தட்டில் சோற்றை முதலில் வைப்பதா, பயறை முதலில் வைப்பதா என்று வீட்டுக்கு வீடு வேடிக்கையாக வாதாடுவார்கள். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பயறில் இருக்கிறது. பயறில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உழைக்கும் உடலுக்கும் வளரும் பிள்ளைக்கும் நல்ல புரதம் கிடைத்துவிடுகிறது. நம் பருப்புச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான்.

பயறைப் பற்றி அங்கே ஓர் அழகான பேச்சு வழக்கு உண்டு. எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால், "பயறில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்று" என்பார்கள். குழம்பு சற்று நீர்த்துப்போகும். ஆனால் வந்தவர் பசியோடு போக மாட்டார். இல்லாதவர் வீட்டு விருந்தோம்பலுக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

சாப்பிடும் முறையைப் பார்ப்போம். உணவைக் கையால் தொடுவது அங்கே பொதுவாக மரியாதையாகக் கருதப்படுவதில்லை. கத்தியும் முள்கரண்டியும் கொண்டே உண்கிறார்கள். தின்பண்டத்தைக்கூடத் தாள் துணியால் பிடித்துக்கொள்வார்கள். சாப்பிடத் தொடங்கும்போது, நன்றாகப் பசித்து உண்ணுங்கள் என்ற பொருளில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வார்கள். ஆனால் வடகிழக்குப் பகுதியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தாய்மார்கள் பயறையும் மரவள்ளி மாவையும் கையால் பிசைந்து, சிறு உருண்டையாகப் பிடித்துக் குழந்தைகளுக்கு ஊட்டுவார்கள். அந்த உருண்டைக்குக் கப்பித்தாவோ, அதாவது கப்டன் என்று பெயர்! சோற்று உருண்டையை உள்ளங்கையில் வாங்கித் தின்று வளர்ந்த நமக்கு அந்தத் தாயின் கை அந்நியமாகத் தோன்றாது.

தென்கோடியில், மாடு மேய்த்து வாழ்ந்த மக்களின் பகுதியில், ஷிமஹோன் என்ற பானம் உண்டு. மாத்தே என்ற மரத்தின் இலைத்தூளைச் சுரைக்குடுவையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார, ஒரே குடுவையும் ஒரே குழலும் கைக்குக் கை மாறும். தயாரித்தவர்தான் முதலில் குடிக்க வேண்டும். முதல் வாய் கசப்பு. அதை விருந்தாளிக்குக் கொடுக்கலாகாது என்பது முறை. குழலைப் பிடித்துக் கிளறக் கூடாது. "நன்றி" என்று சொல்லிக் குடுவையைக் கொடுத்தால், போதும், இனி வேண்டாம் என்று பொருள். மரியாதைக்கு நன்றி சொன்னவருக்கு அடுத்த சுற்றில் கிடைக்காது!

நாடு முழுவதும் பொதுவான பானம் காப்பி. காலை உணவுக்கே அங்கு 'காலைக் காப்பி' என்றுதான் பெயர். வந்தவருக்குச் சிறிய கோப்பையில் கெட்டியான, இனிப்பான காப்பி கொடுப்பது உபசாரம். வீடானாலும் கடையானாலும் அலுவலகமானாலும் அது தப்பாது. 1727ஆம் ஆண்டில் பிரேசிலுக்குள் நுழைந்த காப்பிச் செடி, இன்று உலகக் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டிலிருந்து தருகிறது. முதலில் அடிமைகளும், பிறகு இத்தாலியக் குடும்பங்களும் அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். 1908இல் கசாத்தோ மாரு என்ற கப்பலில் வந்த ஜப்பானியர்களும் காப்பித் தோட்டங்களுக்கே போனார்கள். அந்தச் சின்னக் கோப்பையில் இத்தனை பேரின் வியர்வை இருக்கிறது.

கரும்பிலிருந்து இரண்டு பானங்கள் கிடைக்கின்றன. ஒன்று சந்தையில் பிழிந்து தரும் கருப்பஞ்சாறு. மற்றொன்று கஷாசா என்ற சாராயம். கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு, களைப்பை மறந்து வேலை செய்யட்டும் என்று அதை ஊற்றிக் கொடுத்தார்கள். உழைப்பாளியின் களைப்பைப் பார்த்து யார் மது கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதைச் சிந்திக்க அது ஒரு பாடம். கள்ளுக்கடையும் சம்சுவும் நம் குடும்பங்களுக்குச் செய்தது நமக்குத் தெரியும்.

கரும்பு வெட்டும் தினக்கூலிகளுக்குப் பிரேசிலில் ஒரு பெயர் உண்டு: போயா ஃப்ரீயா. அதன் பொருள் 'ஆறிய சோறு'. ஊரின் ஓரத்தில் வாழ்ந்த அவர்கள், விடியுமுன் லாரி ஏறி வயலுக்குப் போவார்கள். இருட்டிலேயே சமைத்துத் தூக்குச்சட்டியில் கட்டிய சோற்றையும் பயறையும் ஆறிப்போன பிறகு வெயிலில் உட்கார்ந்து தின்பார்கள். மனிதருக்கு அவர் தின்ற ஆறிய சோறே பெயராகிவிட்டது! 1984 மே மாதம் சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாரிபா என்ற ஊரில் அவர்கள் ஒன்றுகூடி வேலை நிறுத்தம் செய்து, கூலியையும் வேலை முறையையும் பற்றி முதலாளிகளோடு உடன்பாடு கண்டார்கள். 2005இல் வந்த அரசு விதி, வயல்வேலை நடக்கும் இடங்களிலும் தொழிலாளர் உட்கார்ந்து சாப்பிட நிழலிடம் அமைத்துத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேட்டதால் கிடைத்தது, கேளாமல் கிடைக்கவில்லை.

இவ்வளவு விளையும் நாட்டில் பசி இல்லையா? இருந்தது. கரோலினா மரியா டி ஜெசுஸ் என்ற தாய், சாவோ பாவ்லோவின் குடிசைப் பகுதியில் குப்பைத் தாள் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தார். பொறுக்கிய தாளிலேயே அவர் எழுதிய நாட்குறிப்பு 1960இல் நூலாக வந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்ற கவலைதான் அதன் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. உலகில் பலர் பிரேசிலின் பசியை அந்தப் புத்தகத்தில்தான் கண்டார்கள். பின்னர், ஐக்கிய நாட்டு உணவு நிறுவனத்தின் பசி வரைபடத்திலிருந்து 2014இல் பிரேசில் நீங்கியது. சில ஆண்டுகளில் மீண்டும் அதில் ஏறியது. 2025 ஜூலையில் மறுபடி நீங்கியது. பசி ஒருமுறை போனால் திரும்பாது என்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 4 கோடி பேருக்கு அங்கே இலவச உணவு தரப்படுகிறது. அதற்கான மத்திய அரசுப் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் பொருள் வாங்கச் செலவிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது.

நேயர்களே, முத்தாய்ப்பாக ஒரு செய்தி. 2014ஆம் ஆண்டில் பிரேசிலின் சுகாதார அமைச்சு மக்களுக்காக ஓர் உணவு வழிகாட்டி நூலை வெளியிட்டது. புதிய புதிய மாத்திரைகளையும் டின்களையும் அது சிபாரிசு செய்யவில்லை. சோறும் பயறும் போன்ற வீட்டுச் சமையலைக் கைவிடாதீர்கள் என்றது. பொட்டலத்தில் அடைத்து வரும் ஆலைத் தின்பண்டங்களையும் இனிப்புப் பானங்களையும் தவிர்க்கச் சொன்னது. நேரத்துக்கு உண்ணுங்கள், கவனத்தோடு உண்ணுங்கள், கூடுமானவரை பிறரோடு சேர்ந்து உண்ணுங்கள் என்றது. சமையல் வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் சுமத்தாமல், ஆண்களும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது.

பாட்டாளி வீட்டுத் தட்டில் இருந்ததையே ஒரு நாட்டின் மருத்துவ அறிஞர்கள் நல்லுணவு என்று எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பருப்பும், முருங்கைக் கீரையும், மரவள்ளியும் ஏழைச் சாப்பாடு என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், இந்தச் செய்தியை அவர்களுக்குச் சொல்லுவோம். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கும் போகும் தாய்க்கு, அந்த அடுப்படி வேலையில் வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒரு கை கொடுப்போம். இரவு ஒரு வேளையாவது குடும்பமாகக் கூடி உட்கார்ந்து உண்போம். எதிர்பாராமல் ஒருவர் வந்து நின்றால், குழம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாம்.